கோரோங்கோரோ பள்ளத்தில் இறங்க 295 டாலர் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துபாயிலிருந்து ஜூலையில் ஐந்து நாள் டான்சானியா போகிறீர்கள், செரங்கெட்டி தேசியப் பூங்காவும் திட்டத்தில் இருக்கிறது. மனைவி, 68 வயது அம்மா, எட்டு வயதுப் பையன் கூட வருகிறார்கள். ஏஜென்ட் கொடுத்த கணக்கில், கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டி இறங்குவதற்கு மட்டும் தனியாக 295 டாலர் போட்டிருக்கிறார். சுற்றிலும் மலைச்சுவர், உள்ளே விலங்குகள், வெளியே போக வழியில்லை, அப்படியானால் பெரிய சைஸ் மிருகக்காட்சி சாலைதானே, அதற்கு இவ்வளவா என்பது உங்கள் முதல் கேள்வி. ஒரே நாளில் பிக் ஃபைவ், அதாவது சிங்கம், யானை, எருமை, காண்டாமிருகம், சிறுத்தை ஐந்தையும் காட்டிவிடுவோம் என்று அவர் சொல்வதை நம்பலாமா என்பது இரண்டாவது. பணத்தை வைத்துக் கேட்டிருந்தாலும், அங்கே பார்க்கப்போவது நிஜக் காடா அல்லது சுற்றுலாக்காரர்களுக்காகப் பராமரிக்கும் காட்சியா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று தோன்றுகிறது.

நான் விலங்கியல் படித்தவன். பல வருடமாக டான்சானியாவின் அருஷா நகரத்தில் இருந்துகொண்டு சஃபாரி ஏற்பாடு செய்கிறேன். பிழைப்பே இதுதான் என்பதால் நான் சொல்வதில் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். என் பதில் இதுதான்: போங்கள், ஆனால் ஒரு நாள் போதும். அது மிருகக்காட்சி சாலை இல்லை. ஐந்தையும் காட்டுவேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும்.

முதலில் அந்தச் சுவர். சுமார் இரண்டு முதல் இரண்டரை மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு பெரிய எரிமலை இருந்தது. கிளிமஞ்சாரோ உயரத்துக்கு நெருக்கமாக இருந்திருக்கலாம் என்று சொல்வார்கள். அது மதிப்பீடு மட்டும்தான், மலை இப்போது இல்லையே. அடியிலிருந்த எரிகுழம்பு வெளியேறிக் காலியானதும் மேல்பகுதி தாங்க ஆளில்லாமல் உள்ளே சரிந்து விழுந்தது. இதைத்தான் கால்டெரா என்கிறார்கள். உலகத்தில் இதைவிடப் பெரிய கால்டெராக்கள் உண்டு. ஆனால் அவற்றில் தண்ணீர் நிரம்பி ஏரியாகியிருக்கும், அல்லது சுவர் ஒரு பக்கம் உடைந்திருக்கும். சுவர் முழுசாக நின்று, உள்ளே தரையாகவே இருப்பதில் இதுதான் பெரியது. தரை மட்டும் சுமார் 260 சதுர கிலோமீட்டர். விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர், அங்கிருந்து தரை 600 மீட்டர் கீழே. மழைத் தண்ணீர் வெளியே ஓட வழியில்லாததால் நடுவில் மகாடி என்ற சோடா ஏரி, அதாவது காரம் மிகுந்த உப்பு ஏரி, தேங்கியிருக்கிறது. வடக்கே ஒல்மோட்டி மலையிலிருந்து முங்கே ஆறு வருகிறது. கிழக்கு ஓரத்தில் ஙோய்டோகிடோக் ஊற்று வற்றுவதில்லை. எரிமலைச் சாம்பல் மண், ஆண்டு முழுவதும் தண்ணீர், புல். பெரிய விலங்குகள் 25,000 அளவில் இருப்பதாகச் சொல்லும் எண் எல்லாப் பிரசுரத்திலும் வரும். பருவத்துக்குப் பருவம் அது ஏறும், இறங்கும். ஒரு சராசரி அளவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சுவர் யாரைத் தடுக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் செங்குத்தாகத் தெரியும். ஆனால் பல இடங்களில் விலங்குகள் ஏறி இறங்கும் தடங்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் வில்டபீஸ்ட் என்ற பெரிய மானினத்தில் ஐந்தில் ஒரு பங்கும், வரிக்குதிரையில் பாதியளவும் பள்ளத்தை விட்டு வெளியேறுகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. அதே சமயத்தில் எருமைகளும் ஈலண்ட் மான்களும் எதிர்த்திசையில் உள்ளே வருகின்றன. ஆண் யானைகள் சாவகாசமாக இறங்கி ஏறும். பெண் யானைகள் குட்டிகளோடு விளிம்புக் காட்டிலேயே நின்றுவிடுகின்றன, தரையில் அவற்றைப் பார்ப்பது அபூர்வம். ஒட்டகச்சிவிங்கி உள்ளே கிடையாது, இம்பாலா மானும் கிடையாது. சரிவு செங்குத்து என்பதால் சிவிங்கியால் இறங்க முடியாது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. வெளிப்புறச் சரிவுகளில், மலாஞ்சா பள்ளத்தாக்குப் பக்கம், சிவிங்கிகள் மேட்டில் ஏறி நிற்பதைச் செரங்கெட்டி போகும் வழியில் நீங்களே பார்ப்பீர்கள். உள்ளே அது தின்னும் வேல மரங்கள் போதுமான அளவு இல்லை என்பதே பெரிய காரணமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

சிங்கத்தின் கதை இதைவிட விசித்திரமானது. 1962ல் வழக்கத்துக்கு மீறிய மழை பெய்தது. மாட்டுத் தொழுவங்களில் பார்ப்போமே, ரத்தம் உறிஞ்சும் கடி ஈ, அது பள்ளம் முழுக்கப் பெருகியது. சிங்கங்களின் உடம்பெல்லாம் புண். ஈயிடமிருந்து தப்பிக்க மரத்தில் ஏறின, கழுதைப்புலிகளின் வளைக்குள் புகுந்துகொண்டன. அறுபது எழுபது என்றிருந்த சிங்கங்களில் கடைசியில் பத்துப் போலத்தான் மிஞ்சின. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏழு ஆண் சிங்கங்கள் வெளியிலிருந்து வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு வெளி ரத்தமே கலக்கவில்லை. சிங்க ஆய்வாளர் கிரெய்க் பாக்கரும் அவருடன் வேலை செய்தவர்களும் இந்தச் சிங்கங்களின் வம்சாவளியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கிருந்த சிங்கங்கள் எல்லாமே 15 மூதாதையர்களிலிருந்து வந்தவை என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் மரபணு வேறுபாடு குறைந்திருந்தது. 2001ல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸும் உண்ணி பரப்பும் பேபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணியும் ஒன்றாக வந்து மறுபடியும் பல சிங்கங்கள் செத்தன.

இத்தனைக்கும் சிங்கத்தால் 600 மீட்டர் சரிவை ஏற முடியாதா? தாராளமாக முடியும். அதைத் தடுத்தது பாறைச் சுவர் இல்லை. உள்ளே இரை நிறைய இருப்பதால் ஆண் சிங்கங்கள் கொழுத்து, கூட்டணியாக இடத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. மெலிந்து வரும் வெளியூர்ச் சிங்கம் அவற்றோடு மோதி ஜெயிக்க முடியாது. அப்புறம், பள்ளத்துக்கும் செரங்கெட்டிக்கும் நடுவே மாசாய் என்ற மேய்ச்சல் பழங்குடி மக்களின் மாடுகள் மேய்கின்றன. வழியில் ஒரு மாட்டை அடித்தால் ஈட்டி பாயும். கோப்பேலயன் என்ற அமைப்பு அந்த இடைப்பட்ட நிலத்தில் உள்ளூர் இளைஞர்களையே சிங்கக் காவலர்களாக வைத்து வேலை செய்கிறது. அவர்களில் சிலர் முன்பு சிங்க வேட்டைக்குப் போனவர்கள். தொலைந்த மாட்டைத் தேடிக் கொடுப்பது, உடைந்த பட்டியைச் சரிசெய்து கொடுப்பது, சிங்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முன்கூட்டியே மேய்ப்பவருக்குச் சொல்வது, இதெல்லாம் அவர்கள் வேலை. பள்ளத்துச் சிங்கத்தின் எதிர்காலம் பள்ளத்துக்கு வெளியேதான் முடிவாகும் என்பது என் கருத்து. மிருகக்காட்சி சாலையில் இந்த மாதிரிப் பிரச்சினை வராது. அங்கே ஆள் வைத்து ஜோடி சேர்த்துவிடுவார்கள், இரை போடுவார்கள். இங்கே யாரும் எதையும் போடுவதில்லை.

நீங்கள் சிங்கத்துக்காகப் போவீர்கள் என்று தெரியும். நான் போகச் சொல்வது கழுதைப்புலிக்காக. முகம் சுளிக்காதீர்கள். 1960களில் ஹான்ஸ் க்ரூக் என்ற டச்சு விலங்கியலாளர் இங்கே இரவிரவாக வண்டியில் கழுதைப்புலிகளின் பின்னால் போய்ப் பார்த்தார். அதுவரை, சிங்கம் அடித்துப் போட்டதன் மிச்சத்தைத் தின்னும் பிராணி என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். இந்தப் பள்ளத்தில் பெரும்பாலும் நேர்மாறு என்று அவர் கண்டார். இரவில் கழுதைப்புலிகள் கூட்டமாக வில்டபீஸ்ட்டைத் துரத்தி அடிக்கும், சத்தம் கேட்டுச் சிங்கம் வந்து பிடுங்கிக்கொள்ளும். காலையில் வண்டியில் வருபவர் சிங்கம் தின்பதையும் கழுதைப்புலிகள் தள்ளி நின்று காத்திருப்பதையும் பார்த்துவிட்டு, திருடன் யார் என்று தப்பாக முடிவு செய்துகொண்டு போவார். 1996 முதல் ஓலிவர் ஹோனர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் இங்குள்ள எட்டுக் குலங்களையும் விடாமல் கவனித்து வருகிறார்கள். உடம்புப் புள்ளிகளை வைத்தே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் தெரியும். பெண்தான் தலைமை, அம்மாவின் அந்தஸ்துதான் பிள்ளைக்கு. ஆண்கள் பெரும்பாலும் வளர்ந்ததும் பிறந்த குலத்தை விட்டுப் போய் இன்னொரு குலத்தில் சேர்ந்துகொள்ளும். தன் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கக்கூடியவனைப் பெண்கள் துணையாக ஏற்காததுதான் இதற்குக் காரணம் என்று 2007ல் அவர்கள் ஆய்வு வெளியிட்டார்கள்.

ஆகவே டிரைவரிடம் முதல் வேலையாக, கழுதைப்புலி வளை ஏதாவது இப்போது உபயோகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். சாலை ஓரத்திலேயே, சில சமயம் சாலைக்கு அடியில் போட்ட குழாயிலேயே குட்டிகள் இருக்கும். பிறந்தபோது மை போலக் கறுப்பு, ஆறேழு வாரத்தில் முகம் வெளுக்கத் தொடங்கும். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் ஒன்று வெளியே வரும். டயரை மோந்து பார்க்கும், கதவுக்கு அடியில் வந்து அண்ணாந்து உங்கள் பையனையே உற்றுப் பார்க்கும். தாய் பத்தடி தள்ளிச் சேற்றில் படுத்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருப்பாள். அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். டிரைவர்களுக்கு இது அலுப்பு, அவர்களுடைய ரேடியோவில் வேறு எங்கோ சிங்கம் என்று செய்தி ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் அழுத்திச் சொன்னால்தான் நிற்பார்கள்.

சரி, பிக் ஃபைவ் கணக்குக்கு வருவோம். எருமை நிச்சயம். 1974ல் மாசாய் மக்களைப் பள்ளத்தின் தரையிலிருந்து வெளியேற்றிய பிறகு மாடு மேய்ந்து குட்டையாக்கிய புல் உயரமாக வளர்ந்தது, வில்டபீஸ்ட் குறைந்து எருமை பெருகியது. ஆள் போனதும் காடு மாறியதற்கு நல்ல உதாரணம் இது. சிங்கத்தைப் பார்க்காமல் திரும்புவது கஷ்டம். வண்டிகளுக்குப் பழகிப்போய், மரமில்லாத தரையில் உங்கள் வண்டி நிழலிலேயே வந்து படுத்துக்கொள்ளும் சிங்கங்கள் உண்டு. அப்படி நடந்தால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாமல் உட்கார்ந்திருங்கள், அது எழுந்து போகும்வரை டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார். யானை பெரும்பாலும் கிடைக்கும். பள்ளத்தின் தரையிலுள்ள லெராய் காட்டின் மஞ்சள் பட்டை வேல மரங்களுக்கிடையே தனியாகவோ இரண்டு மூன்றாகவோ வயதான ஆண்கள், தரையைத் தொடுகிற மாதிரித் தந்தத்தோடு. இவ்வளவு பெரிய தந்தமுள்ள யானைகள் ஆப்பிரிக்காவிலேயே இப்போது அதிகம் மிச்சமில்லை.

கறுப்புக் காண்டாமிருகம் இருக்கிறது, ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1960களின் நடுவில் ஜான் காடர்ட் என்பவர் இந்தப் பள்ளத்தில் 108 காண்டாமிருகங்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டு எழுதிவைத்தார். எழுபது எண்பதுகளில் கொம்புக்காகச் சுட்டுத் தள்ளியதில் 1990களில் பத்துப் பதினைந்தாகிவிட்டன. அப்புறம் கடுமையான காவல் போட்டு மெதுவாக மீண்டு வருகின்றன. இரவில் லெராய் காட்டுப் பக்கம் இருந்துவிட்டு, காலையில் திறந்த புல்வெளிக்கு வரும். சாலையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது என்பதால் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் சாம்பல் நிறப் புள்ளியாகத்தான் தெரியும். பைனாகுலர் இல்லாமல் போனால் அது காண்டாமிருகம் என்று டிரைவர் சொல்வதை நம்பிக்கொண்டு வர வேண்டியதுதான். ஆளுக்கொன்று வாங்க முடியாவிட்டாலும், எட்டு மடங்கு பெரிதாக்கும் நல்ல பைனாகுலர் ஒன்றாவது கொண்டுவாருங்கள். கேமராவைவிட இதற்குச் செலவு செய்வது புத்திசாலித்தனம்.

சிறுத்தைதான் ஐந்தில் இடிக்கும். விளிம்புக் காட்டிலும் லெராய் பக்கமும் இருக்கிறது, ஆனால் பகலில் உங்களுக்குக் காட்சி கொடுப்பது அதிர்ஷ்டம். சிறுத்தை வேண்டுமென்றால் செரங்கெட்டியில் செரோனெரா ஆற்றோர மரங்களைத் தேடுவதுதான் முறை. ஐந்தும் ஒரே நாளில் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். அதை விலைப்பட்டியலில் போட்டு விற்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

பூநாரைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மகாடி ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஆயிரக்கணக்கில் இருக்கும், அல்லது ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடு மாதிரிக் கொஞ்சம் இருக்கும். இங்கே தீனிக்கு வருகின்றன, முட்டையிடுவது வடக்கே நேட்ரான் ஏரியில். புல்வெளியில் கோரி பஸ்டர்ட் என்ற பெரிய பறவை நடந்து போவதைப் பார்த்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அது நம் கானமயிலின் நெருங்கிய சொந்தம். ராஜஸ்தானில் கானமயிலைப் பார்க்க நாள் கணக்கில் அலைய வேண்டும், இங்கே இது ரோட்டோரம் நிற்கிறது.

இனி, ஏஜென்ட் சொல்லாத ஒன்று. இங்கே தனிமை கிடைக்காது. ஜூலை, ஆகஸ்ட் உச்ச பருவம். ஒரு சிங்கக் கூட்டத்தைச் சுற்றி இருபது வண்டி நிற்கும், மண்சாலையில் தூசி பறக்கும். விலங்குகள் நிஜம், ஆனால் யாருமில்லாத ஆப்பிரிக்கா என்று போஸ்டரில் காட்டுவது இதுவல்ல. நீங்கள் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பது அடர்த்தி. கண்ணை எங்கே திருப்பினாலும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். ஒரு நாள் மட்டுமே இருக்கும் குடும்பத்துக்கு, அதுவும் குழந்தையோடு வருபவர்களுக்கு, அது பெரிய விஷயம். அமைதி வேண்டுமென்றால் தரங்கிரே தேசியப் பூங்காவின் தெற்குப் பகுதி போதும்.

பணக் கணக்கையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். இறங்கும் கட்டணம் ஆளுக்கு இல்லை, வண்டிக்கு: 250 டாலர், 18 சதவீத வரி சேர்த்து 295. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 74 டாலர். இது போக, பள்ளத்தைச் சுற்றியுள்ள கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 60 டாலர், வரியோடு 70.80. பையனுக்குக் குறைவு. இந்த நுழைவுக் கட்டணத்தை நீங்கள் மிச்சப்படுத்த முடியாது. அருஷாவிலிருந்து செரங்கெட்டிக்கு நீங்கள் போகும் சாலை இந்தப் பகுதியைக் குறுக்கே கடந்துதான் போகிறது, போகும்போதும் வரும்போதும் கட்ட வேண்டும். அதாவது செரங்கெட்டியும் உங்கள் திட்டத்தில் இருப்பதால், பள்ளத்துக்காகக் கூடுதலாகச் செலவாவது அந்த 295 மட்டும்தான். கட்டணங்களை அரசு அவ்வப்போது மாற்றும், பணம் கட்டுவதற்கு முன் நடப்பு விலையை ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நுழைவுச் சீட்டு 24 மணி நேரத்துக்கு என்பதால் நாள் வரிசையிலும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். முதல் நாள் தரங்கிரே, அங்கே யானைக் குடும்பங்களையும் சிவிங்கியையும் பார்த்துவிடலாம். இரண்டாம், மூன்றாம் நாள் செரங்கெட்டி. நான்காம் நாள் மதியம் போலச் செரங்கெட்டியை விட்டுக் கிளம்பி, விளிம்பில் தங்கி, ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்குப் பாதை திறந்ததும் முதல் ஆளாக இறங்கி, மதியத்துக்குள் மேலேறிவிடுங்கள். திரும்பும்போது எடுக்கும் ஒரே சீட்டில் முடிந்துவிடும். அங்கிருந்து அருஷா சுமார் 190 கிலோமீட்டர், சாயங்காலம் போய்ச் சேரலாம். விளிம்பு விடுதிகள் விலை அதிகம். கராட்டு ஊரில் தங்கினால் பாதிக்கும் குறைவாக முடியும், ஆனால் அது பாதுகாப்புப் பகுதியின் நுழைவாயிலான லோடுவாரே கேட்டுக்கு வெளியே. காலையில் கேட்டில் வரிசையில் நின்று, விளிம்பைச் சுற்றிக்கொண்டு செனேட்டோ பாதைக்கு வந்து இறங்குவதற்குள் நல்ல நேரம் போய்விடும். தரையில் தங்க இடமே கிடையாது, மாலை ஆறுக்குள் எல்லா வண்டியும் வெளியேறிவிட வேண்டும்.

மாசாய் மக்கள் விஷயத்தையும் தெரிந்துகொண்டு போவது நல்லது, ஏனென்றால் வழியில் அவர்கள் ஊர்களைப் பார்ப்பீர்கள். ஏற்கெனவே தேசியப் பூங்காவாகியிருந்த செரங்கெட்டியிலிருந்து 1959ல் மாசாய்களை வெளியேற்றியபோது, மக்களும் மாடும் விலங்கும் சேர்ந்து இருக்கலாம் என்ற ஏற்பாட்டோடுதான் 8,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்புள்ள கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியைத் தனியாகப் பிரித்தார்கள். 1979ல் உலக பாரம்பரியச் சின்னமானது. 1974ல் தரையில் குடியிருப்பு போயிற்று என்று சொன்னேன். 2022 முதல் அரசு மாசாய் குடும்பங்களை டாங்கா மாகாணத்தின் எம்சோமேராவுக்கு இடம் மாற்றி வருகிறது. விரும்பிப் போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்கான நிதியை நிறுத்தி எங்களைத் துரத்துகிறார்கள் என்கிறார்கள் மாசாய் தரப்பினர். 2024 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் சாலையில் இறங்கிப் போராடினார்கள். மக்கள்தொகையும் மாடுகளும் பெருகியிருப்பது உண்மை. ஆனால் விடுதிகளும் வண்டிகளும் பெருகியதைப் பற்றி அதே மூச்சில் பேசாமல், மாட்டை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. சுற்றுலாவில் சம்பாதிக்கிறவன் சொல்கிறேன்.

அம்மாவைப் பற்றி: இறங்கும் பாதை கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக இருக்கும், வண்டி குலுங்கும். முதுகுவலி, கழுத்துத் தேய்மானம் இருந்தால் முன்சீட்டில் உட்கார வையுங்கள், இடுப்புக்கு ஒரு தலையணை எடுத்துக்கொள்ளுங்கள். 2,300 மீட்டர் உயரத்தில் பெரும்பாலானவர்களுக்கு மூச்சுப் பிரச்சினை வராது. இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், மலேரியா மாத்திரை விஷயத்தையும் சேர்த்து. அது என் துறை இல்லை. வண்டியை விட்டு இறங்க அனுமதியுள்ள இடங்கள் ஓரிரண்டுதான், கழிப்பறையும் அங்கேதான். இறங்குவதற்கு முன்பே இதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்துகொண்டு காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். ஜூலையில் விளிம்பில் விடியற்காலை பத்து டிகிரிக்கும் கீழே போகும், பனிமூட்டத்தில் பள்ளமே தெரியாது. தரைக்கு இறங்கிப் பத்து மணியானதும் வெயில் சுடும். துபாயிலிருந்து வருபவர்கள் ஸ்வெட்டரை மறந்துவிட்டு வந்து விடுதிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். குல்லாய், கனமான ஸ்வெட்டர், தூசிக்கு ஒரு துண்டு.

பையனுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஙோய்டோகிடோக் குளக்கரையில்தான் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். எதிரே தண்ணீரில் நீர்யானைகள், புல்தரை, ஒரு பெரிய மரம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து உட்காரத் தோன்றும். மேலே பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். கையிலிருக்கும் கோழித்துண்டைப் பின்னாலிருந்து வந்து நகத்தால் பறித்துக்கொண்டு போய்விடும், விரல் கிழிந்த குழந்தைகள் உண்டு. வெளியே நின்று நீர்யானையைப் பார்க்கட்டும், சாப்பாடு மட்டும் வண்டிக்குள், கூரையை மூடிக்கொண்டு.